பெயர் பிழைத்த ஊர்

சிலேட்டு என்றால் நமக்குப் பள்ளிக்கூடப் பலகைதான் ஞாபகம் வரும். எனக்கோ கூடவே ஒரு கிராமமும் ஞாபகம் வருகிறது. வட வேல்ஸில், மெனாய் நீரிணையின் கரையில் இருக்கிறது அது. ஊரார் பேசும் வேல்ஷ் மொழியில் அதன் பெயர் வெலின்ஹெலி. 'உப்புநீர் ஆலை' என்று பொருள்.

மலைமேல் டினோர்விக் கல்குவாரியில் பிளந்த கூரைச் சிலேட்டு, இங்கே வந்துதான் கப்பல் ஏறிற்று. 1843-ல் போட்ட தண்டவாளத்தில் முதலில் குதிரைகள் இழுத்தன. 1848 முதல் நீராவி எஞ்சின். குவாரியின் சிறு வண்டிகளைப் பெரிய வண்டிகளின் முதுகில் ஏற்றிக் கொண்டுவந்து, கடைசிச் சரிவில் வடம் பூட்டி இறக்கினார்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள்: சிலேட்டின் அளவுகளுக்கு டச்சஸ், கவுண்டஸ் என்று ஆங்கிலச் சீமாட்டிகளின் பட்டங்கள்! பிளந்தவன் பேசியதோ வேல்ஷ். ஊருக்கும் குவாரியின் பெயரைச் சேர்த்து 'போர்ட் டினோர்விக்' என்று வியாபாரம் பெயர் சூட்டியது.

1961-ல் ரயில் நின்றது. 1969-ல் குவாரியும் மூடியது. கூலி நின்றுபோன வீடுகளின் துயரத்தை நான் லேசாக நினைக்கவில்லை. கப்பல் நின்ற துறையில் இன்று உல்லாசப் படகுகள் ஆடுகின்றன. ஆனால் ஊர் மறுபடி வெலின்ஹெலிதான். வியாபாரம் வைத்த பெயர் வியாபாரத்தோடு மங்கிற்று; ஜனங்களின் வாயில் இருந்த பெயர் நிலைத்தது.