கடல் தாண்டி வந்த குதிரைகள்

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் பகுதியில் ஐயனார் கோயில்களின் முன்னே மண்குதிரைகள் நிற்பதைக் காணலாம். களிமண்ணுக்கும் பீங்கானுக்கும் பேர்போன வட்டாரத்தில் இது வியப்பன்று. ஆனால் உயிருள்ள குதிரை இம்மண்ணுக்கு அயல் விலங்கு. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே புகாரின் தெருக்களில் காட்டுகிறது. அப்படி வந்தவை இங்கே எப்படி வாழ்ந்தன என்று நாம் அதிகம் கேட்டதில்லை.

காடவர் கைவசமிருந்த இப்பகுதி, 13ஆம் நூற்றாண்டின் நடுவில் சடையவர்மன் சுந்தரபாண்டியனின் படையெடுப்புக்குப் பின் பாண்டியர் மேலாண்மைக்குள் வந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னன் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான், உடன்பிறந்தோரும் அவ்வளவே வாங்குகின்றனர், ஆண்டிறுதியில் 100கூட மிஞ்சுவதில்லை என்கிறார். ஓர்மசு, ஏடன் முதலிய துறைமுகங்களின் வணிகர்கள் குதிரையைக் கொண்டுவந்தார்களேயன்றிக் குதிரை வைத்தியரையும் லாடம் அடிப்பவரையும் வரவிடவில்லையாம். குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் விரிவாகச் சொல்கிறார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். வழியில் இறந்தாலும் அந்த விலையை மன்னன் கொடுத்தாக வேண்டும். வந்த குதிரையை 40 நாள் லாயத்தில் கயிறும் முளையுமாகக் கட்டிப்போட்டு, வறுத்த பார்லியும் நெய்யில் பக்குவப்படுத்திய தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்துக் கொழுக்க வைத்தார்கள். பிறகு எந்தப் பழக்கமும் தராமல் ஏறி விரட்டினார்கள். சோறும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்துப் போட்டதாகப் போலோவும் எழுதுகிறார்.

அயலார் எழுத்தில் மிகை உண்டு. வஸ்ஸாஃப் தமிழகத்தைப் பார்த்தவருமல்லர். எண்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் வளர்ப்புமுறை குதிரையைக் கொல்லும் என்பதில் இன்றைய கால்நடை மருத்துவத்துக்கு ஐயமில்லை. நாளின் பெரும்பகுதி நடந்து நடந்து புல் மேயும் விலங்கு அது. வயிறு சிறியது, வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. மாவுச்சத்து மிகுந்தால் குடல் நொந்து குளம்பு அழலும். பல நாள் நிற்கவைத்துத் தின்னக் கொடுத்துத் திடீரென ஓட்டினால் தசைகள் இறுகிச் சிதையும். ஞாயிறு ஓய்ந்து மறுநாள் வண்டியில் பூட்டப்பட்ட குதிரைகளை அது தாக்கியதால் ஐரோப்பியர் அதைத் திங்கட்கிழமை நோய் என்றே அழைத்தனர்.

இதைக் கொடுமை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நெய்யும் பாலும் பகைமையில் ஊட்டப்படுபவை அல்ல. அது மாட்டுக்குச் செய்யும் உபசாரம் என்பது நம் ஊகம். முல்லைக்கலியில் காளைகளின் நிறத்தையும் மறுவையும் கொம்பையும் தனித்தனியே கண்டறிந்த மக்கள் நாம். தறியில் கட்டி, கழுநீர் காட்டி, தவிடு வைத்தால் மாடு தேறும்; அசைபோடும் அதன் வயிற்றமைப்பு அதற்கு இடம் தரும். அந்தப் பழுத்த அனுபவமே குதிரையிடம் அறியாமையாக மாறிற்று.

பழகும் முறையிலும் அப்படித்தான். மாடு கொம்பை முன்னிறுத்தி எதிர்க்கும். குதிரையின் முதல் எண்ணம் ஓட்டம். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் பின்னே வருபவனை அது காணாது, திடுக்கிட்டால் உதைக்கும். குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாக அணுக வேண்டும் என்பது குதிரைக்காரர்களின் பாலபாடம். நாற்பது நாள் கட்டுண்டு அஞ்சிய குதிரைமேல் ஏறியவனும் உயிரைப் பணயம் வைத்தே ஏறியிருப்பான்.

சாலிகோத்திர மரபில் வடமொழி அசுவ நூல்கள் இருந்தன. தஞ்சை சரசுவதி மகால் அத்தகைய ஒன்றைப் பதிப்பித்தும் இருக்கிறது. ஏடு இருந்தும் லாயத்தில் கைப்பழக்கம் இல்லை போலும். யானை விஷயத்தில் நடந்தது வேறு. முல்லைப்பாட்டின் பாசறையில் பாகர்கள் வடமொழிச் சொற்களால் யானையைப் பழக்குகிறார்கள். காட்டு யானை நம்முடையது. அதைப் பணியவைக்கும் சொல் வடக்கிலிருந்து வந்தது. வந்த சொல்லைப் பாகன் வாங்கிக்கொண்டான். குதிரைக்கான சொல்லை மட்டும் வணிகன் கப்பலிலேயே வைத்துக்கொண்டான்.