மீட்டர்

மீட்டர் என்பது நீளத்தை அளப்பதற்கு உலக நாடுகள் பொதுவாக ஏற்றுக்கொண்டுள்ள அடிப்படை அலகு. பௌதிகத்தின் முதற்பாடத்திலேயே மாணவன் சந்திக்கும் இவ்வலகு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு தேசத்தில் தோன்றி, பூமியின் சுற்றளவு, உலோகக் கட்டை, ஒளியலை, ஒளியின் வேகம் என்று ஆதாரங்களை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. முந்திய ஆதாரத்தைக்கொண்டு மேலும் ஓர் இலக்கத்தை உறுதியாகச் சொல்ல இயலாத நிலை வந்தபோதெல்லாம் புதிய ஆதாரம் தேடப்பட்டது.

புரட்சிக்கு முற்பட்ட பிரான்சில் நிலத்துக்கும் துணிக்கும் தானியத்துக்கும் வழங்கிய அளவைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தன. அவற்றை ஒழித்து இயற்கையிலிருந்தே ஒரு பிரமாணத்தைப் பெற வேண்டும் என்பது அக்காலத்து விஞ்ஞானிகளின் அவா. ஒரு விநாடியில் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்லும் ஊசலின் நீளத்தையே அலகாகக் கொள்ளலாம் என்று சிலர் கூறினர். ஆனால், 1672-இல் தென் அமெரிக்காவிலுள்ள கயேனுக்குச் சென்ற ரிஷே என்பவர், பாரிசில் ஒழுங்காக ஓடிய ஊசற்கடிகாரம் பூமத்திய ரேகைக்கு அருகில் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிஷம் பின்தங்கியதைக் கண்டிருந்தார். விநாடி ஊசலின் நீளம் இடத்துக்கு இடம் மாறும் என்பது அதனால் தெரிந்தது. அன்றியும், ஊசலை நம்பினால் விநாடியையும் நம்பியாக வேண்டும், நீளம் காலத்துக்கு அடிமையாகிவிடும் என்ற ஆட்சேபமும் எழுந்தது. ஆகவே 1791-இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தார், வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை செல்லும் தீர்க்கரேகையில் கோடியில் ஒரு பங்கே மீட்டர் என நிர்ணயித்தனர்.

துருவம் வரை சென்று அளப்பது ஆகிற காரியமன்று. டன்கெர்க் முதல் பார்சிலோனா வரையுள்ள, ஏறக்குறைய ஒன்பதரைப் பாகை கொண்ட வில்லை அளந்து மீதியைக் கணித்துக்கொள்வதென்று முடிவாகி, வடபகுதி டெலாம்பர் என்பவரிடமும் தென்பகுதி மெஷேன் என்பவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. 1792-இல் புறப்பட்ட இருவரும், உள்நாட்டுக் கலகத்திலும் யுத்தத்திலும் சிக்கி, ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டு, 1798-இல்தான் பணியை முடித்தனர். ஒரே கோணத்தைப் பன்முறை அளந்து சராசரி காண்பதற்கென்று போர்தா என்பவர் அமைத்த வட்டக் கருவி அவர்களிடம் இருந்தது. அதைக்கொண்டு பார்சிலோனாவில் இரண்டு இடங்களின் அட்சரேகையை அளந்த மெஷேன், இரண்டுக்கும் இடையே விளக்கமுடியாத மூன்று விகலை வேற்றுமை இருப்பதைக் கண்டார். தரையில் அது ஏறத்தாழ தொண்ணூறு மீட்டர். அதை எவரிடமும் சொல்லாமல் மறைத்து, மனம் நொந்து, மறுபடியும் அளக்கச் சென்ற இடத்தில் 1804-இல் நோயுற்று இறந்தார். உண்மை அவருடைய காகிதங்களைப் படித்த டெலாம்பருக்கே தெரியவந்தது. அவருடைய அளவுகள் ஒன்றோடொன்று மிக நெருங்கி ஒத்திருந்தன என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. கருவியிலோ முறையிலோ ஒரே திசையில் குடிகொண்ட பிழையை ஆயிரம் முறை சராசரி கண்டாலும் அகற்றமுடியாது. நுட்பம் வேறு, துல்லியம் வேறு என்று இன்று பாடநூல்கள் இரண்டு வரிகளில் சொல்லிவிடும் விஷயம், மெஷேன் காலத்தில் எவருக்கும் தெளிவாக விளங்கியிருக்கவில்லை. அந்த நல்ல மனிதர் தம்மையே குற்றவாளியாக்கிக்கொண்டார்.

இவ்வளவு பாடுபட்டு, 1799-இல் சட்டமான மீட்டர் பழைய பாரிசு அளவில் 443.296 லீன் என்று முடிந்தது. பூமியின் துருவத் தட்டையைக் கணக்கிட்டதில் நேர்ந்த தவறே முக்கிய காரணமாக, அது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. பிற்கால அளவீடுகளின்படி அவ்வெண் சுமார் 443.38 ஆக இருந்திருக்க வேண்டும். எழுதப்பட்ட ஆறு இலக்கங்களில் முதல் மூன்றே நிலைத்தன. 1795-இல், புதிய அளவீட்டுக்குக் காத்திராமல், பழைய கணக்குகளைக்கொண்டு தற்காலிகமாக வகுத்திருந்த 443.44 என்ற எண் உண்மைக்கு இன்னும் நெருங்கியிருந்தது என்பது வேடிக்கையே.

பிழை வெளிப்பட்ட பின்னும் மீட்டரைத் திருத்த எவரும் முன்வரவில்லை. பூமி மீண்டும் மீண்டும் அளக்கப்படும்போதெல்லாம் அலகை மாற்றுவது தகாது என்று கருதி, 1799-இன் பிளாட்டினக் கட்டையையே பிரமாணமாகக் கொண்டனர். 1875 மே 20-இல் பதினேழு நாடுகள் பாரிசில் மீட்டர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1889-இல், நூற்றுக்குத் தொண்ணூறு பிளாட்டினமும் பத்து இரிடியமும் கலந்த புதிய கட்டை செவ்ர் நகரில் வைக்கப்பட்டது. பழைய கட்டையின் நீளம் முனைக்கு முனை. தொடத்தொட முனை தேயும். புதியதிலோ இரு கோடுகளுக்கிடையே உள்ள தூரம், பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில், மீட்டராயிற்று. இந்தியாவில் 1956-ஆம் வருஷச் சட்டத்தால் மீட்டர் முறை வந்தது.

உலோகக் கோட்டுக்கும் அகலம் உண்டு. நுண்ணோக்கியால் பார்த்தாலும் ஒரு மில்லிமீட்டரின் பதினாயிரத்தில் ஓரிரு பங்குக்கு அப்பாற்பட்ட நுட்பத்துக்கு அது இடந்தராது. மைக்கல்சன் என்ற விஞ்ஞானி 1892-இல் செவ்ருக்கு வந்து காட்மியத்தின் சிவப்பொளி அலைகளை எண்ணி வழிகாட்டினார். 1960-இல் கிரிப்டான்-86 அணு உமிழும் ஆரஞ்சு நிற ஒளியின் 1,650,763.73 அலைநீளங்களே மீட்டர் என்றாயிற்று. லேசர் வந்ததும் அதுவும் போதாமற்போயிற்று. 1983-இல், வெற்றிடத்தில் ஒளி 1/299,792,458 விநாடியில் செல்லும் தூரமே மீட்டர் என்று வகுத்தனர். 1791-இல் அஞ்சி ஒதுக்கிய விநாடியே அடித்தளமாகிவிட்டது.

இதனால் முக்கிய எண்ணுருக்களைக் கணக்கிடும் மாணவனுக்கு ஒரு விசேஷம் நேர்ந்திருக்கிறது. அளவுகோலில் 12.4 செ.மீ. என்று படித்தால் மூன்றாவது இலக்கம் ஊகம், 12.40 என்று எழுதிவிட்டால், செய்யாத அளவீட்டைச் செய்ததாகச் சொல்வதாகும். ஆனால், ஒளியின் வேகத்தைக் குறிக்கும் எண்ணில் ஒன்பது இலக்கங்களே தென்பட்டாலும், அது அளந்து பெற்றதன்று, வகுத்துக்கொண்டது. ஆதலால் பிழையற்றது, விடையின் இலக்கங்களை அது கட்டுப்படுத்தாது. ஈர்ப்பு மாறிலிக்கு இச்சலுகை இல்லை. மீட்டர் பிறந்த அதே வருஷங்களில், 1798-இல், கேவண்டிஷ் முறுக்குத் தராசில் ஈயக்குண்டுகளைக்கொண்டு தொடங்கிவைத்த அந்த அளவீட்டில், இன்றைக்கும் வெவ்வேறு ஆய்வுக்கூடங்களின் விடைகள் மூன்றாவது இலக்கத்தைத் தாண்டியதும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.