சுறாவுக்கு எலும்பில்லை

பிள்ளைபெற்ற பெண்ணுக்குச் சுறா வறை ஆக்கிக் கொடுப்பது எங்கள் மட்டக்களப்பு வீடுகளின் பழைய வழக்கம். அவித்த சுறாவை உதிர்க்கும்போது கையில் அகப்படுவது முள்ளன்று, வளைந்துகொடுக்கும் குருத்து. பாடநூல்கள் அதனைக் கசியிழையம் என்கின்றன.

மனிதர், மாடு, வாவியில் பிடிபடும் கொடுவா ஆகியவற்றின் கூடு கருவிலே பெரும்பாலும் கசியிழையமாகத் தொடங்கிப் பின்னர் என்பாக மாறுகிறது. சுறாவின் கூடோ கடைசிவரை கசியிழையமாகவே நிற்கிறது. அதன் மேற்பரப்பில் கல்சியம் சேர்ந்த நுண்ணிய ஓடுகள் பதிந்து உறுதி தருகின்றன. காற்றுப்பை இல்லாத சுறாவுக்கு, ஈரல் எண்ணெயோடு இக்கூட்டின் பாரக்குறைவும் மிதக்கத் துணைபுரிகிறது.

என்பு தோன்றுவதற்கு முந்திய நிலையிலேயே சுறா நின்றுவிட்டது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மொங்கோலியாவில் கிடைத்த, ஏறத்தாழ 41 கோடி ஆண்டுப் பழமையான மீனொன்றின் மண்டையோட்டில் என்பு இருந்தமை 2020இல் அறிவிக்கப்பட்டது. சுறாவின் மூதாதையர் என்பைப் பெற்றிருந்து பின்னர் இழந்திருக்கலாம் என்னும் கருத்து அதனால் வலுப்பெற்றது.

கசியிழையம் விரைவில் அழிவது. ஆகையால் சுறாவின் தொல்வரலாறு பெரும்பாலும் பற்களைக் கொண்டே அறியப்படுகிறது. 1666இல் புளோரன்ஸ் நகரில் சுறாத் தலையொன்றை அறுத்து ஆராய்ந்த நிக்கொலாஸ் ஸ்டெனோ, பாறைகளில் கிடைத்த ‘நாக்குக் கற்கள்’ சுறாவின் பற்களே என்று மறு ஆண்டில் எழுதினார்.

நமக்கு வேறொரு சான்றும் உண்டு. பரதவர் சுறவின் கோட்டை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. சுறாவுக்குக் கொம்பேது? வேளா மீனின் வாள்போன்ற மூக்கே அது எனக் கொள்வது பொருந்தும். திருக்கை இனத்தைச் சேர்ந்த வேளாவின் வாளும் கசியிழையமே. கல்சியம் செறிந்திருப்பதால் உலர்ந்தபின் நிலைக்கிறது.

களப்புகளையும் கழிமுகங்களையும் நாடும் வேளாவுக்கு அந்த வாளே எமனாயிற்று. அதன் பற்கள் வலையில் எளிதிற் சிக்கிக்கொள்ளும். வேளா இனங்களின் அனைத்துலக வணிகத்துக்கு 2007இலும் 2013இலும் கடுந்தடைகள் வந்தன. ஆயினும் இலங்கைக் கரைகளில் அது இன்று அரிதினும் அரிது.

என்பில்லாத உயிர் மண்ணில் அதிகம் விட்டுச்செல்வதில்லை. அதைக் கண்டவர்களின் நினைவே மிச்சம், அவர்களும் முதுமையடைந்துவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய வேளாக்கொம்பு தூசிபடிந்து கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். எங்கே, எந்த ஆண்டு பிடிபட்டது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.