புவியியல் படித்தால் எங்கே இன்டர்ன்ஷிப்? ஒரு 200 வருடக் கதை

மானுடப் புவியியல் படிக்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அதுக்கெல்லாம் எங்கப்பா இன்டர்ன்ஷிப் தருவாங்க?" இன்ஜினியரிங் படிப்பவனுக்கு ஃபேக்டரி இருக்கிறது. பி.காம். படிப்பவனுக்கு ஆடிட்டர் ஆபீஸ் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் சந்தேகம்.

சிரிப்பு என்னவென்றால், சென்னையில் "வேலை செய்துகொண்டே படி" என்று முதன்முதலில் ஆரம்பித்தவர்களில் நம் துறைக்காரர்களும் உண்டு. கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியின் வேரே அதுதான். 1794ல் மைக்கேல் டாப்பிங் என்ற கம்பெனி அதிகாரி சென்னையில் ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். காரணம் ரொம்ப எளிது. 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், திண்டுக்கல், மலபார் என்று பெரிய நிலப்பரப்பு கம்பெனி கைக்கு வந்துவிட்டது. வரி போட வேண்டும் என்றால் நிலத்தை அளக்க வேண்டும். அளக்க ஆள் இல்லை. இங்கிலாந்திலிருந்து ஆள் கொண்டுவந்தால் செலவு அதிகம். எழும்பூரில் இருந்த ஆண் அனாதை இல்லத்துச் சிறுவர்கள்தான் கண்ணுக்குப் பட்டார்கள். பெரும்பாலும் கம்பெனிப் படையிலிருந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள். கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வரைபடம் சொல்லிக்கொடுத்து, சங்கிலியும் கையுமாக மாவட்டங்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பள்ளியில் பயின்று வந்தவர்களில் ஒருவர் ஜோஷுவா டி பென்னிங். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தாரே, பிற்பாடு இமயமலை வரைக்கும் போன அந்தப் பெரிய முக்கோண அளவைக்கு அதுதான் முதல் படி. அந்தக் குழுவில் லாம்டனின் உதவியாளராகப் பல வருடம் உழைத்தவர் டி பென்னிங். எவரெஸ்ட் பெயர் மலைக்குப் போனது. லாம்டன் பெயர் பாடப்புத்தகத்துக்குப் போனது. டி பென்னிங் பெயரை நம் வகுப்பில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? பயிற்சிக்கு வந்தவன் செய்த வேலை மேலே இருப்பவர் பெயரில் போவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை போலிருக்கிறது :)

ஆனால் இவர்கள் அளந்தது நிலத்தை. அந்த நிலத்தில் யார் உழுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு கடன் என்பதை ஒரு மாணவன் போய்க் கேட்டு எழுதுவதற்கு இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

1915ல் கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். வந்த மனிதருக்கு ஒரு சங்கடம்: இந்தியப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஆனால் இந்தியக் கிராமத்தைப் பற்றி அவருக்கே ஒன்றும் தெரியாது. அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு நீண்ட கேள்வித்தாள் தயார் செய்தார். நிலம், பாசனம், மாடு, பயிர், கூலி, கடன், கைத்தொழில் எல்லாம் அதில் உண்டு. அதை மாணவர்கள் கையில் கொடுத்து, தங்களுக்குத் தெரிந்த கிராமத்துக்குப் போய் விசாரித்து எழுதிவரச் சொன்னார். 1918ல் அவை தென்னிந்தியக் கிராமங்கள் சில என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாக வந்தன. தென்னாற்காட்டு இருவேல்பட்டு, ராமநாதபுரம் பக்கத்து வடமலாபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான், தஞ்சைப் பாலக்குறிச்சி, வடாற்காட்டு தூசி... காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தூசியும் எங்கள் திருத்தணியும் 1911 வரை ஒரே வடாற்காடு ஜில்லாவில் இருந்தவை.

முக்கியமான விஷயம், அந்தக் கட்டுரைகளில் எழுதிய மாணவர்களின் பெயரும் இருந்தது. இருவேல்பட்டை எழுதியவர் ஈ.வி. சுந்தர ரெட்டி. டி பென்னிங் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

அதன் பிறகு நடந்தது இன்னும் ஆச்சரியம். 1936-37ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களில் மறு ஆய்வு நடத்தி, 1940ல் புத்தகம் வெளியிட்டார்கள். இருவேல்பட்டுக்கு 1980களில் எஸ். குகனும் ஜோன் மென்சரும் போனார்கள். 2008ல் ஜான் ஹாரிஸ் குழு மறுபடி போனது. கடனில் கட்டுண்டு கிடந்த படியாள் முறை எப்படி மெல்ல மெல்லத் தேய்ந்தது, பெரிய நிலக்காரரின் பிடி எப்படித் தளர்ந்தது என்பதை ஒரே ஊரை வைத்துத் தொண்ணூறு வருடத்துக்குப் பார்க்க முடிகிறது. அடித்தளம் எது? விடுமுறையில் போன ஒரு மாணவனின் நோட்டு!

இதில் எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. 1916ல் காலேஜுக்குப் போக முடிந்தவன் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்திருப்பான்? நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. தனக்குத் தெரிந்த ஊருக்கே போனால் கதவு சுலபமாகத் திறக்கும், சரி. ஆனால் படியாள் ஒருவர், பண்ணையார் வீட்டோடு பழகும் பையனிடம் தன் கடனைப் பற்றி எவ்வளவு மனம் திறந்து பேசியிருப்பார்? கேள்வித்தாளில் கட்டம் இருக்கும். கட்டத்தில் பதிலும் இருக்கும். சொல்லாமல் விட்டதற்குக் கட்டம் கிடையாது. களப்பணிக்குப் போகும் நமக்கு இந்த ஒரு சமாச்சாரத்தை எந்த வகுப்பிலும் முழுசாகச் சொல்லித் தந்துவிட முடியாது என்று நினைக்கிறேன். வாசலில் நின்றால்தான் புரியும்.

ஒரு கட்டத்தில் எழுதப்படும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை இருக்க முடியும் என்பதற்கு திருத்தணியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1911ல் சித்தூர் ஜில்லா உருவானபோது திருத்தணி அதில் போனது. எல்லாம் ஒரே சென்னை மாகாணம் என்பதால் யாருக்கும் பெரிய கவலை இல்லை. 1953 அக்டோபர் 1ல் ஆந்திரா தனி மாநிலம் ஆனதும் சித்தூர் ஜில்லா மொத்தமாக அங்கே போய்விட்டது, தணிகைமலை முருகனோடு சேர்த்து. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும், இந்தப் பகுதியிலேயே இருந்து மக்களைத் திரட்டிய மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. (மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் ம.பொ.சி. நம் பாடத்திட்டப்படி அவர் இன்டர்ன்ஷிப்புக்கே தகுதி பெற்றிருக்க மாட்டார்.)

போராட்டம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கோடு எப்படிப் போடப்பட்டது என்பதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. மத்தியஸ்தராக வந்த எச்.வி. படாஸ்கர் எடுத்துக்கொண்ட அடிப்படை இது: தாலுகாவையோ ஜில்லாவையோ பார்க்காமல் கிராமத்தை ஓர் அலகாக வைப்பது, அந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார்ப்பது, அது அந்த மாநிலத்தோடு நிலத் தொடர்ச்சி உள்ளதா என்று பார்ப்பது. இந்த வழியில் 1959ல் எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. பதிலுக்கு இங்கிருந்து சத்தியவேடு பகுதி அங்கே போனது. பெல்காம் தகராறில் மகாராஷ்டிரம் இன்றும் இதே படாஸ்கர் அளவுகோலைத்தான் காட்டுகிறது.

சரி, ஒரு கிராமத்தில் எந்த மொழிக்காரர் அதிகம் என்று யார் சொன்னது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாய்மொழிக் கட்டம். அதை நிரப்பியவர்கள் பெரும்பாலும் ஊர் கர்ணம், பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிற குடும்பம் தெருவுக்குத் தெரு இருக்கும். நகரியிலிருந்து இங்கே பெண் எடுப்பார்கள், இங்கிருந்து புத்தூருக்குக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு மொழியின் பெயரை எழுத வேண்டும். பாதிக்குப் பாதி இருக்கிற ஒரு சின்னக் கிராமத்தில் நாலு வீட்டுப் பதில் மாறியிருந்தால் அந்த ஊரின் ரேஷன் கடைப் பலகை, பள்ளிப் பாடப்புத்தகம், கோர்ட்டு எல்லாமே மாறியிருக்கும்.

இன்றைக்கு அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் ரயிலில் ஏறினால் திருத்தணி, பொன்பாடி தாண்டியதும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று நீளமாக ஒரு பலகை வரும். ஆந்திரா வந்துவிட்டது என்று அர்த்தம். பலகை மாறும், பெட்டிக்குள் பேச்சு மாறாது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கமும் விசைத்தறிச் சத்தம், நகரிப் பக்கமும் அதே சத்தம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து 365 படி ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் எந்த மாநிலம் என்று பேச்சை வைத்துச் சொல்லிவிட முடியாது.

எங்கே இன்டர்ன்ஷிப் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த வழித்தடத்தைத்தான் காட்டுவேன். தறிக்கு நூல் எங்கிருந்து வருகிறது, துணி எந்தச் சந்தைக்குப் போகிறது, எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர், கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்த பெண் பிள்ளைக்கு எந்த மொழியில் கதை சொல்கிறாள். கடைசிக் கேள்வி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்பின் விதிப்படி தாய்மொழி என்பது, குழந்தைப் பருவத்தில் அம்மா பேசிய மொழி. அதற்கு அடுத்த கட்டத்தில், தெரிந்த மற்ற மொழிகள் இரண்டை எழுத இடம் விட்டிருந்தார்கள். படாஸ்கர் கணக்கில் அந்த இரண்டாவது கட்டத்துக்கு வேலையே இருக்கவில்லை.