தோல் மின்மறிப்பு மாதிரி

உடலின் மேல் ஒட்டிய மின்முனைகளுக்கு அடியில் தோல் மின்னோட்டத்தை எப்படிக் கடத்துகிறது என்பதை மின்சுற்றாகவோ கணினிக் கணக்காகவோ உருவகிக்கும் முறை.

தோலின் மின்தடையில் பெரும்பங்கு அதன் மிக மெல்லிய மேலடுக்கில்தான் உள்ளது. பொதுவாக 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள அந்த இறந்த செல்களின் படலம் மின்தேக்கியின் காப்புத்தகடாகச் செயல்படுகிறது. வியர்வை நாளங்கள் அதன் குறுக்கே கசிவுப் பாதைகளாகின்றன. ஆகவே எளிய மாதிரியில் ஒரு மின்தடையும் மின்தேக்கியும் இணையாக நிற்கும். உள்திசுக்களின் சிறு மின்தடை அவற்றோடு தொடராக இணையும்.

அதிர்வெண் ஏற ஏற மின்மறிப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கான மொத்த எதிர்ப்பு, வியக்கத்தக்க அளவில் சரிகிறது. 1 சதுர சென்டிமீட்டர் தோலில், 1 ஹெர்ட்ஸில் அது பத்து கிலோ ஓமிலிருந்து மெகா ஓம் வரை இருக்கலாம். 1 மெகாஹெர்ட்ஸில் சில நூறு ஓமுக்குள் அடங்கிவிடும். உண்மைத் தோல் இலட்சிய மின்தேக்கி அல்ல என்பதால், உயிர் இயற்பியலாளர் கென்னத் கோல் 1940இல் முன்வைத்த சமன்பாடு அளவீடுகளோடு நன்றாகப் பொருந்துகிறது.

தோலைத் தவிர, அதன்மேல் ஒட்டும் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையும் அதன் கூழும் தமக்கென ஒரு மின்னழுத்தத்தைச் சேர்க்கின்றன. இதயமின் வரைவில் அதையும் கணக்கில் கொள்ளவேண்டும். வியர்வை, உடலிடம், ஆள் ஆகியவற்றுக்கேற்ப மதிப்புகள் மாறுவதால், நிலையான எண்களை மட்டும் கொண்ட மாதிரியை மருத்துவக் கருவி வடிவமைப்பில் நம்பக்கூடாது.