நீரில் நீந்தும் மீன் யாருக்குச் சொந்தம்?

தில்லை நகரிலிருந்து புத்தூர்ப் பக்கம் நடந்தால் உய்யக்கொண்டான் வாய்க்கால் எதிர்ப்படும். நீர் ஓடும் மாதங்களில் அஸர் தொழுகைக்குப் பின், கழியும் நரம்பும் தக்கையுமாகக் கரையில் அமர்ந்திருப்போரைக் காணலாம். எளிய பொழுதுபோக்காகத் தோன்றும் இக்காட்சிக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு வரலாறு உண்டு. மார்க்கம் பேசும் ஒரு கேள்வியும் உண்டு.

பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் இவ்வாய்க்கால், திருச்சி நகரைக் கடந்து வாழவந்தான்கோட்டை ஏரியைச் சேர்கிறது. இது முதலாம் இராஜராஜன் (985–1014) காலத்தது என்பர். அதையொட்டிய 11ஆம் நூற்றாண்டிலேயே நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் வருகையையும் இவ்வூர் மரபு வைக்கிறது. அக்காலக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்றொரு சொல் வருகிறது. ஏரி மீனிலிருந்து கிடைக்கும் வருவாயை அது குறிக்கும். அவ்வருவாயை அந்த ஏரியையே தூர்வாரவும் கரையைச் செப்பனிடவும் ஒதுக்கியிருக்கிறார்கள். நீர் தந்ததை நீருக்கே திருப்பிய ஏற்பாடு அது. இன்று ஏரிகளில் விடப்படும் 'மீன்பாசி ஏலம்' அந்தப் பழஞ்சொல்லின் எச்சமே.

இதே கேள்வி பாக்தாதிலும் எழுந்தது. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) எழுதிய 'கிதாபுல் கராஜ்', நீரில் இருக்கும் மீனை விற்பது குறித்தும் பேசுகிறது. பிடிபடாத மீன் எவருடைய உடைமையும் அன்று. எவ்வளவு இருக்கிறது என்று அறியாததை விற்பதில் ஏமாற்றம் கலந்துவிடும். ஆகவே ஃபிக்ஹு அறிஞர்கள் அதைத் தடுத்தனர். எனினும், ஒருவர் மீனுக்கென்றே குளம் அமைத்து, குஞ்சு விட்டு வளர்த்தால் அதில் அவருக்கு உரிமை உண்டு என்றும் விளக்கினர். நீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற நபிமொழியையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும். நீர் பொதுவானது, பிறர் உழைப்பு பொதுவானதன்று. எனவே குத்தகைக்கு விடப்பட்ட ஏரியில் கேளாமல் தூண்டில் போடுவது முறையாகாது.

இன்று தூண்டிலில் மிகுதியாகச் சிக்குவது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளின் பசிக்கு மலிவான புரதம் என்பதே நோக்கம். ஆனால் அது விரைந்து பெருகி, நம் கெண்டைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. 1959இலேயே அதைப் பரப்பத் தடை விதித்தும், அதற்குள் அது குளந்தோறும் புகுந்துவிட்டது. நல்ல நோக்கம் மட்டும் போதாது, விளைவையும் எண்ண வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

அதே மீனிடம் கற்க வேண்டியதும் உண்டு. தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும். குஞ்சுகளை இழந்து தவித்த பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தியை நாம் அறிவோம். விளையாட்டுக்காக உயிரை வதைக்கலாகாது. உண்பதற்கு வேண்டிய அளவே பிடிக்க வேண்டும்.

மீனை அறுக்காமலே உண்ணும் சலுகையை அல்லாஹ் நமக்கு வழங்கியிருக்கிறான். ஆயினும் தானே செத்து மிதக்கும் மீனை ஹனஃபி மத்ஹபினர் உண்பதில்லை, ஷாஃபியினர் அனுமதிக்கின்றனர். ஆனால் கழிவுநீர் கலந்ததால் மீன் செத்து மிதந்தால், அங்கே மத்ஹபு வேறுபாட்டுக்கு இடமேது? உடலுக்குத் தீங்கானதை விலக்குவதில் இரு சாராரும் ஒன்றே.

பாசிப்பாட்டத்தை ஏரிக்கே திருப்பியவர்கள் நமக்கு விட்டுச்சென்ற வாய்க்காலில் நாம் எதைத் திருப்பி விடுகிறோம்? பிள்ளைகளைத் தூண்டிலுடன் கரைக்கு அழைத்துச் செல்வோர், திரும்பும்போது அங்கே கிடக்கும் ஒரு பை குப்பையையும் எடுத்துவரச் சொல்லட்டும். வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளையல்லவா?

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.