கோலார் தங்கவயல்: கைச்சுரங்கம் இயந்திரச் சுரங்கமான வரலாறு

கோலார் தங்கவயல், கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கும் ஆந்திர எல்லைக்கும் அருகே அமைந்த சுரங்கப் பகுதியாகும். 1880 முதல் 2001 வரை இங்கிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள்; அவர்களிலும் ஆதிதிராவிடர்களே மிகுதி. இச்சுரங்கத்தில் எந்தெந்த வேலைக்கு இயந்திரம் வந்தது, எந்த வேலைக்குக் கடைசிவரை வரவில்லை என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் 'சுரங்கம்' என்று சொன்னால், பெரியாற்று நீரை மலைக்கு இப்பால் கொண்டுவரும் சுரங்கப்பாதையைத்தான் மாணவர்கள் நினைப்பார்கள். 1895இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர். மறுபக்கம் வந்ததும் குடையும் வேலை முடிந்துவிட்டது. தங்கச் சுரங்கத்துக்கு மறுபக்கம் என்று ஒன்று கிடையாது. தங்கம் கலந்த பாறை அடுக்கு கீழே செல்லச் செல்ல ஆட்களும் அதைப் பின்தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கோலாரில் நடந்த அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

கைவேலைக் காலம்

1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, மாரிக்குப்பம், உரிகாம் பக்கத்து மக்கள் குழிகளில் இறங்கித் தங்கம் எடுப்பதைக் கண்டு எழுதினார். உடைத்த கற்கள் கூடைகளில் கைமாறி மேலே வந்தன. பெண்கள் அவற்றைப் பெரிய கல்லில் இடித்துப் பொடியாக்கி, நீரில் அலசினார்கள். தண்ணீர் ஊறும் ஆழத்துக்குக் கீழே அவர்களால் செல்ல முடியவில்லை. அதை இறைக்க மனிதக் கைகள் போதா.

வாரனின் குறிப்பைப் பிற்காலத்தில் படித்த மைக்கேல் லாவெல் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880 முதல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது. பழைய குழிகளுக்கும் கீழே தோண்டியபோதுதான் 'சாம்பியன் ரீஃப்' என்னும் வளமான பாறை அடுக்கு அகப்பட்டது. நீர் இறைக்கவும், பாறையை மேலே தூக்கவும், ஆலையில் இடிக்கவும் நீராவி இயந்திரங்கள் வந்தன. கொதிகலன்களுக்கு விறகும் நிலக்கரியும் வாங்கி மாளவில்லை.

காவிரியிலிருந்து மின்சாரம்

இதற்குத் தீர்வு காவிரியில் கிடைத்தது. சிவசமுத்திரம் அருவியில் மைசூர் அரசு புனல் மின்நிலையம் அமைத்து, 1902 ஜூன் 30 அன்று சுமார் 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. அந்நாளில் உலகிலேயே நீளமான மின்கம்பித் தடங்களில் இதுவும் ஒன்று. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். நகரத்துக்கு முன்பே சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது என்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் எளிதில் நம்பமாட்டார்கள்.

மின்சாரத்தால் ஆட்களை இறக்கும் கூண்டு, நீர் இறைக்கும் பம்பு, காற்று அனுப்பும் விசிறி, தாது அரைக்கும் ஆலை ஆகியவை மாறின. ஆனால் இவை எல்லாமே பாறை முகத்துக்கு வெளியே உள்ள வேலைகள். பம்பும் விசிறியும் வலுப்பெற்றதால் சுரங்கம் இன்னும் ஆழமாக இறங்க முடிந்தது. முடிவில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. அவ்வளவு ஆழத்தில் பாறையே சுடும். இயந்திரம் வேலையை எளிதாக்கியது என்று பாடநூலில் ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். இங்கே அது மனிதனை முன்பு போக முடியாத இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது என்பதே சரி.

துளைக்கருவியும் தூசியும்

பாறை முகத்துக்கு வந்த முக்கியமான இயந்திரம், அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக்கருவி. முன்பு ஒருவர் உளியைப் பிடிக்க, மற்றொருவர் சம்மட்டியால் அடித்து வெடிமருந்துக்குத் துளை போடுவார்கள். புதிய கருவி அதைப் பல மடங்கு வேகத்தில் செய்தது. அதே வேகத்தில் மிக நுண்ணிய கல்தூசியையும் கிளப்பியது. அத்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகும் நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். 1940களில் இங்கு 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்ததில், நாற்பது விழுக்காட்டுக்கு அதிகமானோரிடம் இந்நோய் காணப்பட்டது. துளைக்குள் நீர் செலுத்திக்கொண்டே குடைந்தால் தூசி வெகுவாகக் குறையும். ஆனால் முன்பே தூசியைச் சுவாசித்தவர்களுக்கு அதனால் பயனில்லை, ஏனெனில் சிலிக்கோசிசைக் குணமாக்கும் மருந்து இன்றும் கிடையாது.

இரண்டாவது ஆபத்து பாறை வெடிப்பு. 'ஏர் பிளாஸ்ட்' என்றும் இதைச் சொல்வார்கள். மேலுள்ள மலையளவு பாரம் தாங்காமல் சுரங்கச் சுவர் திடீரெனச் சிதறும். வெட்டிய வெற்றிடங்களைக் கருங்கல் அடுக்கியும், பின்னாளில் கான்கிரீட் இட்டும் தாங்கினார்கள். 1970களின் பிற்பகுதியில் நில அதிர்வு அளக்கும் கருவிகள் வலைபோல அமைக்கப்பட்டு, எங்கே வெடித்தது என்பதைத் தரைமேல் இருந்தே அறிய முடிந்தது. தானியங்கி முறை என்று சொல்லத்தக்க ஏற்பாடு தங்கவயலில் இருந்தது என்றால் அது இதுதான். 1988இல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டதற்கும் இந்த அனுபவமே பின்னணி.

ஆள்களைக் கண்காணிக்கும் முறைகளும் புதிதாக வந்தன. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதியும் விதி கொண்டுவரப்பட்டபோது, அதை எதிர்த்து மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கங்கள் வலுப்பெறுவதற்கு முன்பே நடந்த போராட்டம் என்பதால் இது தனியே ஆராயத்தக்கது.

ஏன் முழுமையாக மாறவில்லை?

ஆஸ்திரேலியாவின் பில்பரா இரும்புச் சுரங்கங்களில் ஓட்டுநர் இல்லாத லாரிகள் ஓடுகின்றன. அவற்றை சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, பெர்த் நகரில் அமர்ந்து கண்காணிக்கிறார்கள். அங்கே தாது அகலமான படுகையாகத் திறந்தவெளியில் கிடக்கிறது. கோலாரின் ரீஃப் பல இடங்களில் ஒரு மீட்டர் அளவே அகலம் கொண்டது. அதுவும் செங்குத்தாகச் சரிந்து செல்வது. அந்த இடுக்கில் பெரிய இயந்திரம் நுழையாது. நுழையும்படி அகலமாக வெட்டினால் தங்கத்தோடு வெறும் பாறையும் சேர்ந்து வரும், செலவு கட்டாது. எனவே கூண்டும் பம்பும் எவ்வளவு நவீனமானாலும், பாறை முகத்தில் துளைக்கருவி பிடித்த மனிதனே கடைசிவரை நின்றான். நிர்வாகம் பழமையில் ஊறிக் கிடந்ததால்தான் சுரங்கம் மூடப்பட்டது என்று சிலர் எழுதுவது பாதி உண்மைகூட அல்ல.

1956இல் மைசூர் அரசும், பிறகு மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. தாதுவின் தரம் குறைய, ஆழத்தின் செலவு ஏற, 2001 பிப்ரவரி 28 அன்று வேலை நிறுத்தப்பட்டது.

தங்கவயலும் தேனியும்

இந்த ஆழம் அறிவியலுக்கும் உதவியது. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிவியலாளர்களும் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். கூண்டும் பம்பும் ஓடியவரைதான் அந்த ஆய்வுக்கூடங்களும் இயங்கின. பிறகு புதிய இடம் தேடியவர்கள் நீலகிரியின் சிங்காராவைப் பார்த்து, அது மறுக்கப்பட்டபின் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துக்கு வந்தார்கள். மலையை சுமார் 2 கிலோமீட்டர் குடையும் இத்திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வெடிவைத்துக் குடைவதால் மலைக்கும் நீருக்கும் என்னாகும் என்ற அச்சத்தில் உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் நடந்தன, 2021இல் தமிழ்நாடு முதலமைச்சர் திட்டத்தைக் கைவிடுமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

தங்கவயலில் வேலை இழந்த குடும்பங்களில் பலர் இன்று மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலை ரயிலேறி பெங்களூரு சென்று வருகிறார்கள். ஆலையில் அரைத்துக் கொட்டிய சயனைடு மண் மேடுகள் ஊருக்குள் அப்படியே நிற்கின்றன. அவற்றில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரிக்க, 13 மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. இந்த வேலைக்கு யாரும் பூமிக்கடியில் இறங்க வேண்டியதில்லை.